உதித்தவரா, உண்டாக்கப்பட்டவரா? ‘இயேசு கடவுளா, கடவுளின் மகனா’ என்ற வழக்கின் பின்னணி

இயேசு யார் என்ற வழக்கைத் தீர்க்கக் கிறிஸ்தவ ஆயர்கள் 325-ல் கூடிய நிசேயா சங்கத்துக்கு 2025-ல் 1700 ஆண்டு நிறைந்தது. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் திருத்தந்தை பதினான்காம் லியோவும் கான்ஸ்டாண்டிநோபிள் முதுபெரும் தந்தை பர்த்தலமேயுவும் துருக்கியிலுள்ள இஸ்னிக் ஏரிக்கரையில், ஒரு பழைய பசிலிக்காவின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் நின்று ஜெபித்தார்கள். இன்று இஸ்னிக் என்று அழைக்கப்படும் ஊர்தான் அன்றைய நிசேயா.

விழாவோடு பழைய கேள்வியும் மேலே வந்துவிட்டது: இயேசு கடவுளா, கடவுளின் மகனா? “நிசேயாவில் ஓட்டெடுத்து இயேசுவைக் கடவுளாக்கினார்கள்” என்கிறது ஒரு பக்கம். “வேதத்தில் பட்டவர்த்தனமாக இருக்கிறது, இதில் சண்டைக்கே இடமில்லை” என்கிறது மறு பக்கம். இரண்டும் நடந்த வரலாற்றோடு ஒட்டவில்லை. ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

‘மகன்’ என்றால் என்ன?

சிக்கல் ‘கடவுள்’ என்ற சொல்லில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ‘மகன்’ என்ற சொல்லில் இருக்கிறது. முருகன் சிவனின் மகன் என்று கேட்டு வளர்ந்தவருக்கு, மகன் என்றால் தகப்பனிலிருந்து வேறான இன்னொருவர். ஆனால் அவரும் தெய்வம்தான். இஸ்லாமிய மரபில் வளர்ந்தவருக்கு மகன் என்றதும் தாய், பிறப்பு, உடல் எல்லாம் நினைவுக்கு வரும். அதனால் அந்தப் பேச்சே கடவுளுக்கு இழுக்கு. இயேசு பிறந்த யூத மரபில் இந்த இரண்டு பொருளும் இல்லை. எபிரேய வேதத்தில் ‘தேவனுடைய குமாரன்’ என்ற பட்டம் மூன்று வகையில் வருகிறது.

1. இஸ்ரவேல் மக்கள் முழுவதும். “இஸ்ரவேல் என்னுடைய குமாரன்” என்று பார்வோனிடம் சொல்லச் சொல்கிறார் கடவுள் (யாத்திராகமம் 4:22).
2. தாவீதின் வழிவந்த அரசன். அரியணை ஏறும் நாளோடு சேர்த்துப் படிக்கப்படும் இரண்டாம் சங்கீதம் “நீர் என்னுடைய குமாரன்” என்கிறது. 2 சாமுவேல் 7:14-லும் இதே பேச்சு.
3. விண்ணுலகில் கடவுள் முன் நிற்பவர்கள். யோபு 1:6-ன் ‘தேவபுத்திரர்’ இவர்கள்தான்.

இவற்றில் எந்த இடத்திலும் மகன் கடவுள் அல்ல. பட்டம் உறவைக் காட்டுகிறது, தன்மையைக் காட்டவில்லை. புதிய ஏற்பாட்டில், அதுவும் யோவான் நற்செய்தியில், இந்தப் பட்டத்தின் எடை கூடுகிறது. கடவுளைத் தம் சொந்தப் பிதா என்று சொல்லித் தம்மைக் கடவுளுக்குச் சமமாக்கினார் என்பதற்காகவே அவரைக் கொல்லத் தேடினார்கள் என்கிறது யோவான் 5:18. அரசனுக்குச் சூட்டிய பழைய பட்டம் இங்கே போதாமல் போகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே மனத்தில் வைக்க வேண்டும். நான்காம் நூற்றாண்டில் மோதிக்கொண்ட இரண்டு தரப்பும் இயேசுவைக் ‘கடவுளின் மகன்’ என்றது. இரண்டு தரப்பும் ‘கடவுள்’ என்றும் சொன்னது. படைத்தவர் ஒரு பக்கம், படைக்கப்பட்ட யாவும் மறு பக்கம் என்று ஒரு கோடு போட்டால், மகன் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே வழக்கு. ‘கடவுளா, மகனா’ என்று கேட்கும்போது இந்தக் கோடு மறைந்துவிடுகிறது.

வசனங்களை மட்டும் வைத்து ஏன் முடியவில்லை

ஒரு தரப்பு எடுத்து வைக்கும் வசனங்கள்: “அந்த வார்த்தை தேவனாயிருந்தது” (யோவான் 1:1), “என் ஆண்டவரே! என் தேவனே!” என்று தோமா சொல்வது (யோவான் 20:28), “நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்” (யோவான் 10:30), தேவனுடைய ரூபமாயிருந்தவர் என்ற பிலிப்பியர் 2:6.

எதிர்த் தரப்பின் வசனங்கள்: “என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்” (யோவான் 14:28), அந்த நாளும் நாழிகையும் குமாரனுக்கும் தெரியாது (மாற்கு 13:32), கடைசியில் குமாரனும் பிதாவுக்குக் கீழ்ப்பட்டிருப்பார் (1 கொரிந்தியர் 15:28), “சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்” (கொலோசெயர் 1:15).

எந்தப் பட்டியலை வாசித்தாலும் மற்றதற்கு விளக்கம் தயாராக இருக்கும். யோவான் 10:30-ல் ‘ஒன்று’ என்பதற்கான கிரேக்கச் சொல் அஃறிணை. ‘ஒருவர்’ என்ற ஆண்பால் சொல் அல்ல. ஆகவே பிதாவும் குமாரனும் ஒரே ஆள் என்பார்க்கு அந்த வசனம் துணை நிற்காது. ஒரே தன்மையா, ஒரே மனமா என்று கேட்டால் இலக்கணம் வாய் மூடிக்கொள்ளும். ‘முந்தின பேறு’ முதலில் பிறந்ததைக் குறிக்கலாம், முதலுரிமையையும் குறிக்கலாம். சங்கீதம் 89:27-ல் கடைசிப் பிள்ளையான தாவீதைக் கடவுள் முதற்பேறாக்குகிறார்.

அன்று மிகக் கடுமையாக அடிபட்ட வசனம் நீதிமொழிகள் 8:22. அங்கே ஞானம் பேசுகிறது. அந்த ஞானம் கிறிஸ்துதான் என்பதில் அன்று இரு தரப்புக்கும் சம்மதம். எபிரேய வினைச்சொல்லுக்கு ‘பெற்றார், கொண்டிருந்தார், உண்டாக்கினார்’ என்று பல பொருள் உண்டு. ஆனால் எல்லாரும் கையில் வைத்திருந்த கிரேக்க மொழிபெயர்ப்பு ‘படைத்தார்’ என்று தீர்மானமாகச் சொன்னது. தமிழிலேயே இந்தப் பிளவைப் பார்க்கலாம்: சீர்திருத்த சபைகளின் பழைய வேதாகமம் “ஆதியாகக் கொண்டிருந்தார்” என்கிறது, கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியம் “படைத்தார்” என்கிறது. திரித்துவத்தை, அதாவது தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை, ஏற்கும் இரண்டு சபைகளின் தமிழ் வேதங்களே ஒரு வினைச்சொல்லில் இரண்டு வழி போகின்றன. ஒற்றை வசனத்தை நம்பி வழக்கை முடிக்கப் பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆரியுஸ் சொன்னது என்ன

சுமார் 318-ஐ ஒட்டி எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இந்தச் சண்டை மூண்டது. ஆரியுஸ் அந்நகரின் பௌகாலிஸ் பகுதிக் கோயிலின் மூப்பர். ஆயர் அலெக்சாண்டரின் போதனையில் தவறு இருக்கிறது என்று எழுந்தார். (ஆரியுஸ் ஓர் ஆளின் பெயர். இவருடைய அணியைத் தமிழில் ‘ஆரியர்’ என்று எழுதிக் குழப்பம் உண்டாக்கிய கட்டுரைகள் உண்டு. இந்தியாவில் நாம் பேசும் ஆரியருக்கும் இவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

அவருடைய வாதத்தைப் படிப்படியாக வைத்தால்:

1. கடவுள் ஒருவரே. அவருக்கு மூலம் இல்லை. அவர் யாரிடமிருந்தும் வரவில்லை.
2. மகன் தந்தையிடமிருந்து வந்தவர். ஆகவே அவருக்கு மூலம் உண்டு.
3. மகனுக்கும் தொடக்கம் இல்லை என்றால், தொடக்கமற்றவர் இருவர் ஆவார்கள். அது இரண்டு கடவுள்.
4. கடவுளின் பொருளிலிருந்து மகன் வந்தார் என்றால், கடவுளைத் துண்டாக்கியது போலாகும். பகுக்க முடியாதவரைப் பகுப்பது எப்படி?
5. எனவே மகன் ஒன்றுமில்லாமையிலிருந்து, கடவுளின் சித்தத்தால் உண்டானவர். அவர் இருந்திராத ஒரு நிலை இருந்தது.

ஐந்தாவது படியில் ஆரியுஸ் ‘காலம்’ என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்தார். காலமே மகன் வழியாகத்தான் படைக்கப்பட்டது. அதனால் ‘அவர் இல்லாத காலம் இருந்தது’ என்று அவர் சொல்லவில்லை. மகன் படைப்புதான், ஆனால் மற்றப் படைப்புகளில் ஒன்றைப் போன்றவர் அல்ல என்றும் எழுதினார். இயேசுவை வெறும் நல்ல மனிதராக ஆரியுஸ் பார்த்தார் என்று இன்று சொல்வது அவரைப் படிக்காதவர்கள் பேச்சு. அவருடைய இயேசு, உலகம் தோன்றும் முன்பே இருந்தவர், உலகத்தை உண்டாக்கியவர், வணக்கத்துக்குரியவர்.

எதிர் வாதத்துக்குப் பின்னாளில் முகமாக ஆனவர் அத்தனாசியுஸ். நிசேயாவுக்கு அவர் ஆயருடன் போன இளம் திருத்தொண்டர். 328-ல் அலெக்சாந்திரியா ஆயரானார். அவருடைய பதில் மூன்று முனையில் வந்தது. தந்தை என்பது உறவுப் பெயர். மகன் இல்லாத நிலை இருந்தால் அப்போது கடவுள் தந்தையாக இருக்கவில்லை, பிறகுதான் தந்தையானார் என்றாகும். மாறாதவர் மாறினார் என்பதா? அடுத்து, தச்சன் செய்யும் நாற்காலி தச்சனின் தன்மையில் இராது. தச்சனுக்குப் பிறக்கும் பிள்ளை மனிதனாகத்தான் இருக்கும். செய்வது வேறு, பிறப்பிப்பது வேறு. மூன்றாவதுதான் உயிர்நாடி: எல்லாச் சபைகளிலும் மக்கள் கிறிஸ்துவை வணங்குகிறார்கள், அவர் பெயரால் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அவர் படைப்பு என்றால் இது விக்கிரக வழிபாடு. படைப்பு ஒன்று இன்னொரு படைப்பைக் கடவுளோடு சேர்த்து வைக்கவும் முடியாது.

மூன்றாவது வாதம் நூலறிவைவிட வழிபாட்டைச் சாட்சிக்கு அழைக்கிறது. வெற்றியைத் தீர்மானித்ததும் அதுதான் என்பது என் கணிப்பு. கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றுவது நிசேயாவுக்கு வெகு முந்தைய வழக்கம். சுமார் 112-ல் ரோம ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள் என்று குறிக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்ல. அவர்களை விசாரித்துத் தண்டித்தவர்.

325: ஒரு சொல்லைத் தேடி

324-ல் லிசினியுஸை வென்று முழுப் பேரரசையும் கையில் எடுத்த கான்ஸ்டன்டைனுக்கு இந்தச் சண்டை முதலில் அற்ப விஷயமாகவே தெரிந்தது. அப்படியே அலெக்சாண்டருக்கும் ஆரியுஸுக்கும் கடிதம் எழுதி, கொர்தோபா ஆயர் ஓசியுஸின் கையில் கொடுத்தனுப்பினார். கடிதம் பலிக்கவில்லை, 325 கோடையில் ஆயர்களை நிசேயாவுக்கு அழைத்தார். வந்தவர் தொகை 318 என்பது மரபு. ஆபிரகாம் தன் வீட்டு ஆட்கள் 318 பேரோடு போருக்குப் போனதை (ஆதியாகமம் 14:14) நினைவூட்டும் எண் அது. நேரில் இருந்த செசரியா ஆயர் யூசேபியுஸ் 250-க்கு மேல் என்கிறார். ரோம் ஆயர் சில்வெஸ்டர் வரவில்லை. இரண்டு மூப்பர்களை அனுப்பினார்.

சங்கத்தின் சங்கடத்தை அத்தனாசியுஸ் பிறகு விவரித்து எழுதினார். ஆயர்கள் முதலில் வேதத்தில் உள்ள சொற்களாலேயே ஆரியுஸை விலக்கப் பார்த்தார்கள். ‘மகன் கடவுளிடமிருந்து வந்தவர்’ என்று எழுதலாமா? எதிரணி தலையாட்டியது, எல்லாமே கடவுளிடமிருந்துதானே வந்தது என்று 1 கொரிந்தியர் 8:6-ஐக் காட்டியது. ‘கடவுளின் வல்லமை’ என்று எழுதலாமா? அதற்கும் சம்மதம்; யோவேல் 2:25-ன் கிரேக்கப் பாடத்தில் வெட்டுக்கிளிகளைக் கூடக் கடவுள் ‘என் பெரிய வல்லமை’ என்கிறார். எந்த வேதச் சொல்லைப் போட்டாலும் அது அவர்கள் பொருளிலும் பொருந்தியது. ஆரியுஸ் அணியால் ஒப்பவே முடியாத ஒரு சொல் தேவைப்பட்டது. கிடைத்த சொல் ‘ஹோமோஊசியோஸ்’: தந்தையோடு ஒரே பொருளானவர்.

அந்தச் சொல்லில் மூன்று குறை இருந்தது. வேதத்தில் எங்கும் அது இல்லை. ஞானமார்க்கத்தார் எனப்பட்ட நாஸ்டிக்குகள் முன்பே பயன்படுத்திய சொல். போதாக்குறைக்கு, 268-ல் அந்தியோக்கியாவில் அந்நகரின் ஆயர் சமோசாட்டா பவுலைக் கண்டித்தபோது ஆயர்களே அதை ஒதுக்கியிருந்தார்கள். இவ்வளவும் தெரிந்தே எழுதினார்கள். விசுவாச அறிக்கையின் முக்கிய வரி தமிழ்த் திருப்பலியில் இன்றும் கேட்கிறது: “உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர்.” ஆரியுஸின் வாதத்தில் ‘உதித்தல்’, ‘உண்டாக்கப்படுதல்’ இரண்டும் ஒன்று. அந்த இரண்டையும் பிரித்ததுதான் நிசேயா செய்த வேலை.

அறிக்கையின் முடிவில் சாபங்களும் இருந்தன: ‘அவர் இருந்திராத நிலை இருந்தது’, ‘ஒன்றுமில்லாமையிலிருந்து வந்தார்’ என்போரைச் சபை விலக்குகிறது. கையெழுத்திட மறுத்த ஆயர் இருவர்: லிபியாவைச் சேர்ந்த செகுந்துஸ், தெயோனாஸ். ஆரியுஸோடு அவர்களும் நாடுகடத்தப்பட்டார்கள்.

பரவலாகச் சொல்லப்படும் மூன்று தவறுகளை இங்கேயே தீர்த்துவிடலாம்.

1. வேதாகமத்தில் எந்த நூல்கள் இருக்க வேண்டும் என்று நிசேயா முடிவு செய்யவில்லை. அதன் 20 ஒழுங்குவிதிகளிலும் அந்தப் பேச்சு இல்லை.
2. திரித்துவக் கோட்பாடு அங்கே முழுமையாகவில்லை. தூய ஆவியைப் பற்றி 325-ன் அறிக்கையில் ‘தூய ஆவியையும் நம்புகிறோம்’ என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.
3. பேரரசர் சொன்னதால் விவகாரம் முடிந்தது என்பதும் தவறு. சில ஆண்டுகளில் அதே கான்ஸ்டன்டைன் ஆரியுஸை நாடு திரும்ப அழைத்தார், அத்தனாசியுஸை நாடுகடத்தினார். 337-ல் மரணப் படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுஸுக்கு ஆதரவாக நின்ற நிக்கொமேதியா ஆயர், யூசேபியுஸ் என்ற இன்னொருவர்.

அடுத்த 56 ஆண்டுகள்

325-க்கும் 381-க்கும் இடைப்பட்ட காலத்தில் அறிக்கைமேல் அறிக்கையாக வந்துகொண்டே இருந்தது. இரண்டே கட்சி என்று நினைத்தால் எதுவும் விளங்காது. நான்கு கட்சிகள் இருந்தன.

1. ஒரே பொருள் (ஹோமோஊசியோஸ்): நிசேயா அணி.
2. ஒத்த பொருள் (ஹோமோய்ஊசியோஸ்): மகன் எல்லாவற்றிலும் தந்தையை ஒத்தவர், ‘ஒரே’ என்றால் தந்தையும் மகனும் ஒரே ஆள் என்றாகிவிடுமோ என்று அஞ்சியவர்கள். 358-ல் அன்கிராவில் இவர்கள் அணி திரண்டார்கள்.
3. வெறுமனே ஒத்தவர் (ஹோமோயோஸ்): ‘பொருள்’ என்ற சொல்லே வேண்டாம், வேதத்தில் இல்லை என்றவர்கள். பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்டியுஸின் ஆதரவு இவர்களுக்கு.
4. ஒவ்வாதவர் (அனோமோயோஸ்): மகன் தந்தையை ஒத்தவரே அல்ல என்று ஆரியுஸையும் தாண்டிப் போன ஏட்டியுஸ், யூனோமியுஸ்.

முதலிரண்டுக்கும் கிரேக்கத்தில் ஒரே ஓர் எழுத்து வேறுபாடு. ‘இயோட்டா’ என்ற மிகச் சின்ன எழுத்து. ஓர் எழுத்துக்கா இவ்வளவு சண்டை என்று கேலி பேசியவர்கள் உண்டு. தமிழில் ‘அவன் என் தம்பி’ என்பதற்கும் ‘அவன் என் தம்பி மாதிரி’ என்பதற்கும் உள்ள தூரம் அது. சொத்துப் பத்திரத்தில் எழுதிப் பார்த்தால் தெரியும்.

359-ல் மேற்கே அரிமினத்திலும் கிழக்கே செலூக்கியாவிலும் இரட்டைச் சங்கம் கூட்டி மூன்றாம் கட்சியின் வாசகத்தை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். உலகம் முழுவதும் முனகி, தான் ஆரியுஸ் பக்கம் ஆகிவிட்டதைக் கண்டு வியந்தது என்று வேதத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் எழுதியது இதைப் பற்றித்தான். அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். 45 ஆண்டு ஆயர் பதவியில் சுமார் 17 ஆண்டு வெளியில் கழிந்தது.

முடிச்சு அவிழ்ந்த இடம்: இரண்டு சொற்களைப் பிரித்தது

நிசேயாவின் சாபப் பகுதியில் ‘ஊசியா’ (பொருள், தன்மை), ‘ஹிப்போஸ்தாசிஸ்’ (தனித்து நிற்கும் ஒருவர் என்றும் கொள்ளக்கூடிய சொல்) இரண்டும் ஒரே அர்த்தத்தில் வந்திருந்தன. அதனால் ‘மூன்று ஹிப்போஸ்தாசிஸ்’ என்று ஒருவர் சொன்னால் மற்றவர் காதில் ‘மூன்று கடவுள்’ என்று விழுந்தது. ‘ஒரே ஹிப்போஸ்தாசிஸ்’ என்றால் ‘ஒரே ஆள், மூன்று வேஷம்’ என்று விழுந்தது. 362-ல் அலெக்சாந்திரியாவில் ஆயர்கள் கூடி, நீங்கள் எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்று இரு சாராரையும் கேட்டபோது, இருவரும் ஒன்றையே இரண்டு சொல்லால் சொல்கிறார்கள் என்பது தெரிந்தது. பிறகு இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவின் பேசில், அவர் தம்பி நிஸ்ஸா கிரகோரி, நண்பர் நசியான்சு கிரகோரி மூவரும் சூத்திரத்தை அமைத்தார்கள்: ஒரே ஊசியா, மூன்று ஹிப்போஸ்தாசிஸ். ‘என்ன’ என்ற கேள்விக்கு விடை ஒன்று. ‘யார்’ என்ற கேள்விக்கு விடை மூன்று.

381-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் 150 ஆயர்கள் கூடி, தூய ஆவியையும் தந்தையோடும் மகனோடும் ஒன்றாக வணங்கப்படுபவர் என்றார்கள். சபைகள் இன்று ‘நிசேயா விசுவாச அறிக்கை’ என்று ஓதுவது இந்த 381-ன் வாசகத்தைத்தான். பேரரசுக்கு வெளியே கதை தொடர்ந்தது. ஆயர் உல்ஃபிலாஸ் மூலம் ஆரியுஸ் வழிக் கிறிஸ்தவத்தைப் பெற்ற கோத் என்ற ஜெர்மானிய இன மக்களில், ஸ்பெயினை ஆண்டவர்கள் 589 வரை அதிலேயே இருந்தார்கள்.

தமிழ்ச் சொற்களால் வரும் இடைஞ்சலையும் சொல்லியாக வேண்டும். ‘பொருள்’ என்றால் நமக்கு அர்த்தம், செல்வம், பண்டம் எல்லாம் வரும். மெய்ப்பொருள், பரம்பொருள் என்ற பழைய வழக்கை நினைத்துக் கேட்டால்தான் ‘ஒரே பொருளானவர்’ விளங்கும். ‘மூன்று ஆள்கள்’ என்பது இன்னும் ஆபத்து. மூன்று ஆள் என்றால் மூன்று தலை, மூன்று மனம், மூன்று முடிவு என்று தமிழ்க் காது கணக்குப் போடும். கப்பதோக்கியார் அப்படிச் சொல்லவில்லை. மூவருக்கும் சித்தம் ஒன்று, செயல் ஒன்று என்று அழுத்தினார்கள்.

உவமைகள் உடையும் இடம்

பிரசங்கத்திலும் மறைக்கல்வியிலும் சொல்லப்படும் உவமைகளால் கேட்பவர் பெரும்பாலும் சபை விலக்கிய கருத்தையே கற்றுக்கொண்டு போகிறார்.

தண்ணீர், பனிக்கட்டி, நீராவி: ஒரே நீர் மூன்று நிலை. இது மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் கண்டிக்கப்பட்ட சபேலியுஸின் கருத்து. பனிக்கட்டி உருகினால்தான் தண்ணீர். இயேசு யோர்தானில் நிற்கும்போதே வானத்திலிருந்து தந்தையின் குரல் கேட்பது (மாற்கு 1:11) இந்த உவமையில் நடக்காது. ஒருவரே அப்பாவாக, கணவராக, அலுவலராக இருக்கிறார் என்பதும் இதே கோளாறு.

முட்டையின் ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு: மூன்றும் சேர்ந்தால்தான் முட்டை. அப்படியானால் மகன் கடவுளின் மூன்றில் ஒரு பங்கு ஆகிறார்.

சூரியனும் கதிரும்: பழைய சபைத் தந்தையர் விரும்பிய உவமை, அறிக்கையிலேயே ‘ஒளியினின்று ஒளி’ என்று இருக்கிறது. சூரியன் இருக்கும்வரை கதிர் உண்டு, ஆகவே ‘அவர் இல்லாத நிலை’ இல்லை. அந்த மட்டில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் கதிர் ஓர் ‘யார்’ அல்ல. இருக்கிற உவமைகளில் குறைந்த சேதம் இதில்தான்.

ஏட்டுப் பிரதிகளில் உள்ள கண்ணிகள்

விவாத மேடையில் இறங்குமுன் நான்கு வசனங்களைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

1. 1 யோவான் 5:7. “பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி... இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்” என்று பழைய தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. பழைய கிரேக்கப் பிரதிகளில் இது இல்லை. லத்தீன் மரபிலிருந்து வந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்முஸ் 1516, 1519 பதிப்புகளில் இதைச் சேர்க்கவில்லை, 1522-ல்தான் சேர்த்தார். திரித்துவத்துக்கு இதை ஆதாரம் காட்டுபவர் முதல் சுற்றிலேயே தோற்பார். நான்காம் நூற்றாண்டின் கிரேக்கத் தந்தையர் இதைக் காட்டி வாதாடவில்லை என்பதே போதுமான சாட்சி.
2. 1 தீமோத்தேயு 3:16. “தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்” என்பதற்குப் பழைய பிரதிகளில் ‘அவர் மாம்சத்திலே வெளிப்பட்டார்’ என்றிருக்கிறது. ‘தேவன்’ என்பதை இரண்டெழுத்தாகச் சுருக்கி மேலே கோடு இடுவது எழுத்தர் வழக்கம். இங்கே ‘அவர்’ என்று பெயர்த்த ‘எவர்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அந்தச் சுருக்கத்துக்கும் சின்னக் கோடுகள்தான் வித்தியாசம்.
3. யோவான் 1:18. இது எதிர்த் திசையில் போகிறது. “ஒரேபேறான குமாரன்” என்று பலர் அறிந்த இடத்தில், மிகப் பழைய பாப்பிரஸ் பிரதிகள் ‘ஒரேபேறான கடவுள்’ என்கின்றன.
4. யோவான் 1:1. ‘வார்த்தை தேவனாயிருந்தது’ என்ற பகுதியில் கிரேக்கத்தின் சுட்டு இடைச்சொல் (ஆங்கிலத்தின் ‘the’ போன்றது) ‘தேவன்’ முன் இல்லை. யெகோவாவின் சாட்சிகள் 1950-ல் வெளியிட்ட ஆங்கிலப் பெயர்ப்பு அதை ‘ஒரு கடவுள்’ என்று ஆக்கியது. அதே அதிகாரத்தில் 6, 12, 13-ஆம் வசனங்களிலும் அந்த இடைச்சொல் இல்லை. அங்கே யாரும் ‘ஒரு கடவுள்’ என்று பெயர்ப்பதில்லை. இன்று பல அறிஞர்கள் இந்த அமைப்பு தன்மையைக் காட்டுகிறது என்கிறார்கள்: வார்த்தை எதுவாக இருந்தது என்றால், கடவுளாக இருந்தது. தமிழில் அப்படியொரு இடைச்சொல்லே இல்லாததால் ‘தேவனாயிருந்தது’ என்ற பெயர்ப்பு மூலத்துக்கு ஆங்கிலத்தைவிட நெருக்கமாகவே உட்காருகிறது.

இன்று யார் எங்கே நிற்கிறார்கள்

கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், சி.எஸ்.ஐ., லுத்தரன் முதலிய மரபுவழிச் சபைகளும் பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவையும் நிசேயா அறிக்கையின் பக்கம். கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை 451-ன் கல்செதோன் சங்கத்தை ஏற்பதில்லை. அது இயேசுவின் இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் சேரும் விதம் பற்றிய வேறு வழக்கு, நிசேயாவில் அவர்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

யெகோவாவின் சாட்சிகள் மகன் படைக்கப்பட்டவர், பிரதான தூதர் மிகாவேலும் அவரே என்கிறார்கள். ஆரியுஸுக்கு இன்று மிக அருகில் நிற்பவர்கள் இவர்கள். ஆனால் ஆரியுஸ் கிறிஸ்துவுக்குக் கொடுத்த வணக்கத்தை இவர்கள் கொடுப்பதில்லை.

ஒருத்துவ பெந்தெகொஸ்தேயினர் நேர் எதிர்முனை: இயேசுவே பிதா, இயேசுவே ஆவி. 1913-ல் கலிபோர்னியாவின் அரோயோ செக்கோ முகாமில், அப்போஸ்தலர் நடபடிகளில் இயேசுவின் நாமத்தில்தானே ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்ற பிரசங்கத்திலிருந்து கிளம்பிய இயக்கம் இது. 1916-ல் அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபை திரித்துவத்தை எழுத்தில் உறுதி செய்ததும் இவர்கள் பிரிந்தார்கள். ‘இயேசு கடவுள்’ என்ற வாசகம் மட்டுமே அளவுகோல் என்றால் இவர்களைவிட உரத்துச் சொல்பவர் யாரும் இல்லை; ஆனால் நிசேயா அறிக்கைப்படி இவர்களும் வெளியே.

யூனிட்டேரியன்கள் கடவுள் ஒருவரே, இயேசு அவர் அனுப்பிய மனிதர் என்பார்கள். இதற்குச் சென்னையில் நீண்ட வரலாறு உண்டு: திருவேங்கடம் என்ற பெயரோடு பிறந்து வில்லியம் ராபர்ட்ஸ் ஆன தமிழர் 1795-ல் மெட்ராஸில் யூனிட்டேரியன் சபையைத் தொடங்கினார். வங்காளத்தில் ராம்மோகன் ராயும் செராம்பூர் மிஷனரி மார்ஷ்மனும் 1820 முதல் அச்சில் மோதிக்கொண்டது இதே விஷயத்துக்காக. ராயோடு வேதம் மொழிபெயர்க்க உட்கார்ந்த பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் ஆடம் 1821-ல் திரித்துவத்தையே கைவிட்டார்.

இதெல்லாம் ஏட்டு விவகாரம் என்று விட முடியாதபடி நடைமுறையில் விளைவு உண்டு. உலகத் திருச்சபைகள் மன்றத்தில் சேர 1948-ல் ‘இயேசு கிறிஸ்துவைக் கடவுளும் மீட்பருமாக ஏற்றல்’ நிபந்தனை. 1961-ல் புதுதில்லிப் பேரவையில் அதோடு தந்தை, மகன், தூய ஆவி என்ற வாசகம் சேர்ந்தது. சபை மாறுவோருக்கு இது இன்னும் நேரடியாகத் தட்டுப்படும். சி.எஸ்.ஐ.யிலிருந்து கத்தோலிக்கத்துக்கு வருபவருக்கு மறுபடி ஞானஸ்நானம் கிடையாது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் பெற்றது செல்லும். யெகோவாவின் சாட்சிகளிடம் பெற்றது செல்லாது. மோர்மன்கள் அதே மூன்று பெயரைச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பெயர்களுக்கு அவர்கள் கொள்ளும் பொருள் வேறு என்று 2001-ல் வத்திக்கான் அதையும் செல்லாது என்றது. இந்த நடைமுறையும் நிசேயாவிலேயே தொடங்குகிறது: அதன் 19-ஆம் ஒழுங்குவிதி, சமோசாட்டா பவுலின் கூட்டத்திலிருந்து திரும்பி வருபவருக்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறது.